பதினோராம் பக்கத்து ஏரி

"பதினோராம் பக்கத்து ஏரிக்கு எந்தப் பக்கமா போகணும்?" என்று சுற்றுலாத் துறை இயக்குநர் கேட்டபோது கையேட்டுக்காரரின் வாய் நிறைய டீ இருந்தது. அதை விழுங்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"எந்த ஏரி சார்?"

"எந்த ஏரியா? நல்லாக் கேட்டீங்க போங்க! நீங்க போட்ட கையேடு, நீங்க போட்ட படம். வெள்ளைப் பூ மரம், கல் வளைவு, சிவப்புப் படகு. வெளிநாட்டு அரசாங்கத்திலேருந்து ஒரு பெரிய மனுஷர் அடுத்த வாரம் வர்றார். கோட்டை வேண்டாமாம், மலை வேண்டாமாம், மியூசியம் வேண்டவே வேண்டாமாம். அந்த ஏரியை மட்டும் கண்ணால பார்த்தாப் போதுமாம்."

"நம்ம மியூசியத்துல புதுசா விளக்கெல்லாம் போட்டிருக்கோமே சார்..."

"விளக்கைப் பார்க்க அவர் ஏன்யா கடல் தாண்டி வரணும்? அவர் ஊர்ல விளக்கு இல்லையா?"

டீயை விழுங்கியவர்தான் துறையின் பிரசுரப் பிரிவுக்கு அதிகாரி. நாட்டின் கலைச் செல்வங்களையும் இயற்கை அழகுகளையும் வழவழப்பான தாளில் அச்சடித்து உலகத்துக்கு அனுப்பிவைப்பது அவர் வேலை. அதனால் அலுவலகத்தில் எல்லாருக்கும் அவர் கையேட்டுக்காரர். அருவியைப் பற்றி அவர் எழுதினால் படிக்கிறவனுக்குத் தலை நனையும். ஆனால் மனிதர் ஓர் அருவியையும் நேரில் பார்த்தவர் இல்லை. லீவு கிடைத்தால் வீட்டில் குப்புறப் படுத்துத் தூங்குகிற ரகம்.

ஏரிச் சங்கதி இப்படி. சில வருடங்களுக்கு முன், கையேடு அச்சுக்குப் போக வேண்டிய கடைசி நாள். பதினோராம் பக்கத்துக்கென்று எடுத்த படத்தில் மழையும், ஒரு குடையும், புகைப்படக்காரரின் கட்டைவிரலும் மட்டுமே இருந்தன. அச்சகத்திலிருந்து போன் மேல் போன். அவர் கணினியில் 'அழகான ஏரி' என்று தட்டினார். முதலில் வந்து விழுந்த படத்தை எடுத்து ஒட்டினார். கீழே, 'இதுவரை யார் கண்ணிலும் படாத அழகு' என்று ஒரு வரி எழுதினார். யார் கண்ணிலும் படாதது என்று போட்டுவிட்டால் எங்கே இருக்கிறது என்று எவனும் கேட்க மாட்டான் என்பது அவர் கணக்கு.

கணக்கு பொய்த்துவிட்டது. படம் ஒரு பக்கத்தோடு நிற்கவில்லை. சுவரொட்டியில் ஏறியது. விமான நிலையத்தில் ஒரு சுவர் முழுக்கப் பரவியது. பள்ளிக்கூடப் பாடப்புத்தகத்தின் அட்டையில் போய் உட்கார்ந்தது. அதற்குப் பிறகுதான் அதிசயம் நடந்தது. யார் கண்ணிலும் படாத அந்த ஏரியை ஊரில் எல்லாரும் பார்த்திருந்தார்கள். "நாங்க சின்ன வயசுல போனப்போ இன்னும் நல்லா இருந்துது, இப்ப கெடுத்துட்டாங்க" என்று ஒருவர் சொல்வார். பக்கத்தில் இருப்பவர் ஆமாம் என்பார்.

இயக்குநரும் அந்த ஜோதியில் கலந்தவர்தான்.

"கல்யாணமான புதுசுல நானும் வீட்டம்மாவும் அங்கதான் போனோம். வளைவுக்குப் பக்கத்துல ஒரு பாறை இருக்கும். அதுல உக்காந்து... சரி, அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு."

கையேட்டுக்காரருக்கு ஒரு நப்பாசை பிறந்தது. "அப்ப வழி உங்களுக்கே தெரிஞ்சிருக்குமே சார்?"

"புதுசாக் கல்யாணம் ஆனவன் வழியையாய்யா பார்ப்பான்?" என்றார் இயக்குநர். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இதுல ஏதாவது சொதப்புச்சுன்னா என் தலை உருளும். என் தலை உருள்றதுக்கு முன்னால உங்க தலையை உருட்டிவிட்டுடுவேன். எல்லை ஆபீஸ்ல ரொம்ப நாளா ஆள் இல்லாமக் கிடக்கு, ஞாபகம் வச்சுக்கோங்க."

எல்லை ஆபீஸ் என்பது உப்புக்காற்று வீசும் ஒரு பொட்டல்வெளியில் இருந்தது. அங்கே பார்க்க ஒரே ஒரு பொருள்தான். பஞ்சடைத்த ஓநாய். அதற்கும் ஒரு கண் இல்லை.

கையேட்டுக்காரருக்கு ஓநாயைப் பற்றிக் கவலையில்லை. அட்டைப்பெட்டிகளைப் பற்றித்தான் கவலை. மாற்றலாகி மாற்றலாகி ஊர் ஊராகப் போன குடும்பம் அது. ஒவ்வொரு வீட்டிலும் பரண்மேல் அட்டைப்பெட்டிகளை மடித்துக் கட்டி வைத்திருப்பாள் அவர் மனைவி. எப்போது வேண்டுமானாலும் கட்ட வேண்டியிருக்கும் என்று பாதி பாத்திரங்களை வெளியே எடுக்கவே மாட்டாள். இந்த வீட்டுக்கு வந்த பிறகுதான், சமையலறை அலமாரியில் எல்லாவற்றையும் எடுத்து அடுக்கினாள். போன மாதம் அட்டைப்பெட்டிகளைப் பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிட்டாள். போட்டுவிட்டு வந்து, "இனிமே மாற்றல் வந்தா நீங்க மட்டும் போங்க, நான் வரமாட்டேன்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அவள் சிரித்துக்கொண்டே சொன்ன எதையும் இதுவரை மாற்றியதில்லை.

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தார். பாடப்புத்தக அட்டை கண்முன் வந்து நின்றது. திருடனுக்குத் தேள் கொட்டினால் அவன் வாயைத் திறக்க முடியுமா?

"சார், ஏரி இப்ப பராமரிப்புக்காக மூடியிருக்கு" என்றார்.

அந்தப் பொய் அவருக்கே பிடித்திருந்தது. சின்னதாக, சுத்தமாக, அரசாங்கப் பொய் மாதிரியே இருந்தது. அன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை இயக்குநர் முகமெல்லாம் பல்லாக வந்தார்.

"விருந்தாளிகிட்ட சொல்லிட்டோம்யா, மூடியிருக்குன்னு. மனுஷருக்கு ஏகப்பட்ட சந்தோஷமாம்."

"சந்தோஷமா?"

"பராமரிப்பை எப்படிப் பண்றீங்கன்னு பார்க்கத்தான் அவருக்கு ரொம்ப ஆசையாம். என்ன பொருள் போடறீங்க, யார் வேலை பார்க்கறாங்க, எல்லாத்தையும் பக்கத்துல இருந்து பார்க்கணுமாம். சும்மா வேடிக்கை பார்க்க வர்ற ஆள் இல்லய்யா இவர். விஷயம் தெரிஞ்ச ஆள்."

கையேட்டுக்காரருக்கு முதுகுத்தண்டில் எறும்பு ஊர்ந்தது. விஷயம் தெரிந்த ஆள். பராமரிப்பைப் பக்கத்தில் இருந்து பார்க்கிற ஆள். இவன் சோதனை போட வருகிறவன். பொய் கையேடுகளைப் பிடிப்பதற்கென்றே ஏதோ ஓர் உலகக் கமிட்டி அனுப்பியிருக்கிறது. அவர் மனதில் அது கல்லில் செதுக்கியது போல் பதிந்துவிட்டது. விருந்தாளி என்ன வேலை பார்க்கிறவர் என்று இயக்குநரிடம் கேட்கலாம்தான். கேட்டால், 'ஏன் கேக்கறீங்க?' என்று அவர் திருப்பிக் கேட்பாரே.

"ஒரு சின்னச் சிக்கல் சார். ஏரிக்குப் போற ரோடு மழையில அரிச்சுப் போச்சு. கார் போகாது."

இது முந்தின பொய்யைவிடப் பலமானது என்று நினைத்தார். சாயங்காலமே நெடுஞ்சாலைப் பொறியாளர் ஒருவர் சுருட்டிய வரைபடத்தோடு அவர் மேஜைமுன் வந்து உட்கார்ந்தார்.

"மேலிடத்து உத்தரவு சார். விருந்தாளி வர்றதுக்குள்ள ஏரிக்கு ரோடு போட்டாகணும். எங்க போடணும்னு நீங்க காட்டிட்டா நாளைக்கே ஜல்லி கொட்டிடுவேன்."

"உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன? ஸ்கூல்ல கூட்டிட்டுப் போயிருக்காங்களே! படகுல எல்லாம் ஏறினேன்."

கையேட்டுக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒருவேளை அப்படி ஓர் ஏரி உண்மையாகவே இருந்து தொலைத்தால்? "எந்தப் பக்கம்? தெற்கா, மேற்கா?"

"அதைச் சொல்ல முடியாது சார். போகும்போதும் வரும்போதும் பஸ்ல தூங்கிட்டேன்."

வரைபடம் மேஜையில் விரிந்தது. பொறியாளர் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு காத்திருந்தார். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? கையேட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு நீலமாக ஏதாவது ஒரு புள்ளி மேல் விரலை வைத்தார். திறந்து பார்த்தபோது விரல் பழைய நீர்த்தேக்கத்தின் மேல் இருந்தது. ஊருக்குப் புது நீர்த்தேக்கம் வந்த பிறகு அதில் லாரி கழுவுகிறார்கள்.

"அட, இதேதான் சார்!" என்றார் பொறியாளர். "இப்ப ஞாபகம் வருது."

அன்றைக்கு வீட்டில் அவர் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார். மனைவி எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"என்னங்க ஆச்சு? முகம் ஏன் இப்படிக் கிடக்கு?"

எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். கணினி, பதினோராம் பக்கம், பராமரிப்பு, ரோடு, லாரி கழுவும் குட்டை. அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் திட்டவில்லை. எழுந்துபோய்ப் பரணை அண்ணாந்து பார்த்தாள். அட்டைப்பெட்டிகள் இருந்த இடம் காலியாகக் கிடந்தது. பிறகு அலமாரியைப் பார்த்தாள். வரிசையாக நின்ற டப்பாக்களில் ஒன்றை எடுத்து, துடைத்து, அதே இடத்தில் வைத்தாள். திட்டியிருந்தால் அவருக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

"என் தம்பியைக் கூப்பிடுங்க" என்றாள்.

"அவனையா?"

மைத்துனன் கல்யாண மேடை அலங்காரம் செய்கிறவன். தெர்மோகோல் தூண், துணிப் பூ, பிளாஸ்டிக் புல், அட்டையில் நிலா. கையேட்டுக்காரருக்கு அவனைக் கண்டால் ஆகாது. அவன் வீட்டுக்கு வரும்போதெல்லாம், "வாங்க அட்டைக்கோட்டை மகாராஜா" என்பார். ஊரை ஏமாற்றிப் பிழைக்கிற பிழைப்பு என்று அவன் முகத்துக்கு நேரேயே சொல்லியிருக்கிறார். சொன்னவர் பதினோராம் பக்கத்தை அச்சடித்தவர் என்பது அப்போது அவனுக்குத் தெரியாது.

"கல்யாண மண்டபத்துக்குள்ள அருவியே வச்சவன்ங்க என் தம்பி. ஒரு ஏரிக்கரை வைக்க மாட்டானா? ஆனா நான் கேக்க மாட்டேன். நீங்கதான் கேக்கணும். மரியாதையாக் கேக்கணும்."

அவர் போனை எடுத்தார். "மச்சான்..." என்று ஆரம்பித்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் வராத வார்த்தை அது.

"யாரு பேசறது?" என்றான் மைத்துனன் சந்தேகமாக.

விஷயத்தைக் கேட்டதும் சிரிப்பான் என்று பயந்தார். அவன் சிரிக்கவில்லை. "படத்தை அனுப்புங்க மாமா" என்றான். அனுப்பினார். கொஞ்ச நேரம் கழித்து அவனே கூப்பிட்டான். "அந்த வளைவு ஒரே கல்லா, அடுக்கின கல்லா? மரம் இடது பக்கம் சாய்ஞ்சிருக்கே, காத்துனாலயா, வயசுனாலயா?" இத்தனை வருடத்தில் அந்தப் படத்தை அவ்வளவு கவனமாகப் பார்த்த முதல் ஆள் அவன்தான். கையேட்டுக்காரருக்கு அவன்மேல் லேசாக மரியாதை வந்தது. அதை உடனே அடக்கிக்கொண்டார்.

ரோடு ஒரு பக்கம், ஏரி ஒரு பக்கம் என்று வேலை மும்முரமாக நடந்தது. மைத்துனன் நிஜமாகவே கெட்டிக்காரன். குட்டையின் ஓரத்தில் பட்டுப்போன மரம் ஒன்று சாய்ந்து நின்றது. அதில் கிளைக்குக் கிளை வெள்ளைத் துணிப் பூக்களைக் கட்டினான். தெர்மோகோலில் வளைவைச் செதுக்கி, மணலும் பசையும் பூசி, சாம்பல் நிறம் அடித்து, சந்துகளில் பாசி மாதிரி பச்சை வைத்தான். பக்கத்தில் தெர்மோகோலிலேயே ஒரு பாறை. எங்கேயோ பிடித்துவந்த ஓட்டைப் படகு ஒன்றுக்குச் சிவப்புப் பெயின்ட். அது மிதக்காது என்பதால் அடியில் பீப்பாய் கட்டினான்.

"மாமா, ரெண்டு வாத்து விட்டா இன்னும் எடுப்பா இருக்கும்."

"படத்துல வாத்து இல்லைடா."

"படம் எடுத்த அன்னிக்கு வாத்து லீவு."

"வேண்டாம்."

"சரி, ஒரு நீரூற்று?"

"டேய், உன் காலைத் தொடறேன். படத்துல என்ன இருக்கோ அதை மட்டும் வைடா."

வேலை முடிவதற்குள் சனம் வர ஆரம்பித்துவிட்டது. புது ரோடு என்றால் எங்கே போகிறது என்று பார்க்க நாலு பேர் வருவார்கள் அல்லவா? வந்தவர்கள் ஆச்சரியப்படவே இல்லை. அதுதான் ஆச்சரியம். "மரத்தை வெட்டிட்டாங்கன்னு சொன்னாங்களே, நிக்குதே!" என்றார் ஒருவர். புதுமணத் தம்பதி ஒன்று வளைவுக்குக் கீழே நின்று படம் பிடித்துக்கொண்டது. லாரி கழுவ வந்த டிரைவர் ஒருவரைக் குட்டையின் காவல்காரர் கோபமாகத் தடுத்தார். "யோவ், எங்க தாத்தா காலத்து ஏரிய்யா இது. இதுல போய் லாரியைக் கழுவறியே, உனக்கு மனசாட்சி இருக்கா?" போன வாரம் வரைக்கும் லாரிக்காரர்களிடம் வாளி வாடகை வாங்கியவர் அவர்தான். கேட்டுக்கொண்டிருந்த கையேட்டுக்காரருக்கே ஒரு நிமிடம் தலை சுற்றியது. ஒருவேளை இங்கே ஏரி இருந்ததோ?

விருந்தாளி வருவதற்கு முதல் நாள் இயக்குநர் ஒத்திகைக்கு வந்தார். காரைவிட்டு இறங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதேதான்யா. மரம்தான் கொஞ்சம் வளர்ந்திருக்கு."

"ஆமா சார், வருஷம் ஆச்சில்ல."

"அந்தப் பாறை... அட, அதே பாறை!" என்றபடி அவர் வேகமாகப் போனார். கையேட்டுக்காரர் "சார், சார்!" என்று கத்திக்கொண்டு ஓடுவதற்குள் பாறைமேல் உட்கார்ந்துவிட்டார். பாறை 'கறக்' என்றது. இயக்குநர் பாறைக்குள் இறங்கினார்.

இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தார்கள். பின்புறமெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் தெர்மோகோல் உருண்டைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. கையேட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். கதை முடிந்தது, ஓநாயைப் பார்க்கக் கிளம்ப வேண்டியதுதான் என்று நினைத்தார்.

இயக்குநர் பேன்ட்டைத் தட்டிவிட்டுக்கொண்டார். உடைந்த பாறையையும் கையேட்டுக்காரரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குள் ஏதோ ஒரு பெரிய யோசனை நடந்து முடிந்தது.

"கல்லு ரொம்ப மக்கிப் போச்சு" என்றார். "பராமரிப்பு சரியில்லைன்னு அப்பவே நினைச்சேன். ராத்திரிக்குள்ள சரி பண்ணிடுங்க." போய்க் காரில் ஏறிக்கொண்டார்.

அடுத்த நாள் காலை விருந்தாளி வந்தார். ஒல்லியாக, வெளிறிப்போய், பல நாள் தூங்காதவர் மாதிரி இருந்தார். அவரோடு ஒரு மொழிபெயர்ப்பாளர் அம்மாள். அவர் நாட்டிலிருந்தே கூட வந்தவர். நம் பாஷையை நம்மைவிட வேகமாகப் பேசினார். கையில் ஒரு தெர்மாஸ் பிளாஸ்க். யார் எதைச் சொன்னாலும் முகத்தில் ஒரு சுருக்கமும் விழாமல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, ஒரு மடக்கு குடித்துக்கொள்வார்.

கார் நின்றது. விருந்தாளி இறங்கினார். ஏரியைப் பார்த்தார். சட்டைப்பைக்குள்ளிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துப் பிரித்தார். அதே படம். தாளைப் பார்ப்பார், மரத்தைப் பார்ப்பார். தாளைப் பார்ப்பார், வளைவைப் பார்ப்பார். 'நம்ம பதினோராம் பக்கத்தைக் கிழித்தே கொண்டுவந்திருக்கிறானே பாவி' என்று கையேட்டுக்காரர் மனதுக்குள் சபித்தார்.

விருந்தாளி நேராக வளைவிடம் போனார். உள்ளங்கையை வைத்தார். பிறகு ஒரு விரலால் தட்டினார். 'டொக் டொக்' என்று வர வேண்டிய சத்தம் 'புஸ் புஸ்' என்று வந்தது. நகத்தால் ஓர் ஓரத்தைச் சுரண்டினார். சுரண்டியதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"பார்த்தீங்களாய்யா?" என்று இயக்குநர் கையேட்டுக்காரரின் காதில் கிசுகிசுத்தார். "அழகுக்கு பாஷை கிடையாது."

விருந்தாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏதோ கேட்டார்.

"இது எத்தனை வருஷத்துக்கு முந்தினதுன்னு கேக்கறார்" என்றார் மொழிபெயர்ப்பாளர் அம்மாள்.

"ஆயிரம் வருஷம்" என்றார் இயக்குநர் கூசாமல்.

அம்மாள் சொன்னார். விருந்தாளி மிக மரியாதையாகத் தலையாட்டினார். பிறகு இன்னொன்று கேட்டார்.

"எவ்வளவு கனம் இருக்கும்னு கேக்கறார்."

"கனமா?" இயக்குநர் கையேட்டுக்காரரைப் பார்த்தார்.

"அ... அளந்ததில்லை."

"மழை பெஞ்சா தாங்குமான்னு கேக்கறார்."

"ஆயிரம் வருஷமாத் தாங்கியிருக்கே" என்றார் இயக்குநர்.

"பிரிச்சு எடுத்துட்டுப் போக முடியுமான்னு கேக்கறார்."

கையேட்டுக்காரருக்கு உள்ளங்கால் வேர்த்தது. பிரித்து எடுத்துக்கொண்டு போவது எதற்கு? சாட்சிக்குத்தான். கமிட்டி முன்னால் மேஜையில் வைப்பான். அலமாரியில் வரிசையாக நிற்கும் டப்பாக்கள் அவர் கண்முன் வந்தன. ஒவ்வொன்றாக அவை காகிதத்தில் சுற்றப்பட்டு அட்டைப்பெட்டிக்குள் இறங்கின. இல்லை, இறங்கவில்லை. அவருடைய ஒரு பெட்டி மட்டும் தனியாக வாசலில் நின்றது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

நேரம் பார்த்துக் காற்று அடித்தது. மரத்திலிருந்து நாலைந்து பூக்கள் விழுந்தன. அவை உதிர்ந்தது அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஆயிரம் வருட வளைவு அசைந்தது. முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை. அடுத்த தடவை முன்னால் வந்தபோது திரும்பிப் போகிற உத்தேசம் அதற்கு இல்லை.

கூட்டத்தில் சுற்றுலாப் பயணி மாதிரி தொப்பி போட்டுக்கொண்டு நின்ற மைத்துனன் ஒரே பாய்ச்சலில் வந்து அதில் சாய்ந்துகொண்டான். சாய்ந்தபடி, காலை மாற்றிப் போட்டு, படத்துக்கு நிற்கிறவன் மாதிரி சிரித்தான். கழுத்து நரம்பு மட்டும் புடைத்திருந்தது. மறுபக்கம் வளைவு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. யாரும் எதிர்பார்க்கவில்லை. விருந்தாளி ஓடிப்போய் மறுபக்கத்தைத் தோள்கொடுத்துத் தாங்கிக்கொண்டார்.

காற்று அடங்கும்வரை இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மைத்துனன் வளைவின் அடியைக் காட்டி, முஷ்டியை மடக்கி, ஆணி அடிப்பது போல் ஜாடை செய்தான். விருந்தாளி வேகவேகமாகத் தலையாட்டினார். பிறகு மைத்துனன் தன் சட்டைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து அவரிடம் நீட்டினான். 'எல்லா விசேஷங்களுக்கும் மேடை அலங்காரம் செய்து தரப்படும்' என்று அதில் தங்க நிறத்தில் அச்சடித்திருக்கும் என்பது கையேட்டுக்காரருக்குத் தெரியும்.

"அடப்பாவி, வாக்குமூலமே கொடுத்துட்டியேடா" என்று முனகினார்.

இயக்குநர் நிலைமையைப் புரிந்துகொண்டாரோ என்னவோ, "எனக்கு ஒரு மீட்டிங் இருக்கு, நீங்க பார்த்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுத் தன் காரில் ஏறிப் போய்விட்டார். எரிகிற வீட்டிலிருந்து அவ்வளவு நிதானமாக வெளியேறத் தெரிந்ததால்தான் அவர் இயக்குநர்.

விருந்தாளி மரத்தடிக்குப் போனார். விழுந்த பூ ஒன்றை எடுத்து, திருப்பிப் பார்த்து, பையில் போட்டுக்கொண்டார். மைத்துனனும் அவரும் பொது பாஷை எதுவும் இல்லாமலே என்னென்னவோ பேசிக்கொண்டிருந்தார்கள். மைத்துனன் வாத்து மாதிரி கையை ஆட்டிக் காட்டினான். விருந்தாளி யோசித்துவிட்டு இரண்டு விரலைக் காட்டினார்.

கையேட்டுக்காரர் மொழிபெயர்ப்பாளர் அம்மாளிடம் போனார். அவர் கார் கதவில் சாய்ந்து பிளாஸ்க்கைத் திறந்துகொண்டிருந்தார்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க. ஆனா எனக்குச் சொல்றீங்களா, அவருக்குச் சொல்றீங்களா? அவருக்குன்னா நிறுத்தி நிறுத்திச் சொல்லணும்."

"ரெண்டு பேருக்கும்தான். அம்மா, இது ஏரி இல்ல. லாரி கழுவற குட்டை. அந்த வளைவைப் போன வாரம் என் மச்சான் செஞ்சான். அந்தப் படம் எங்க எடுத்ததுன்னு எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. நான்தான் கம்ப்யூட்டர்ல தேடிப் போட்டேன். இயக்குநர் போட்டது இல்ல, என் மச்சான் மேலயும் தப்பு இல்ல. நான் ஒருத்தன்தான். அவரோட கமிட்டியில என்ன வேணா எழுதிக்கட்டும். ஆனா என்னை வேற ஊருக்கு மட்டும் மாத்தச் சொல்லிடாதீங்கம்மா. வீட்ல அட்டைப்பெட்டி எல்லாத்தையும் போட்டுட்டா."

கடைசி வாக்கியம் தனக்கே அபத்தமாகக் கேட்டது. ஆனால் சொல்லி முடித்ததும் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. இத்தனை வருடம் சுமந்த மூட்டை அது. அவர் தலைகுனிந்து நின்றார்.

அம்மாள் பிளாஸ்க்கின் மூடியில் டீயை ஊற்றி நிதானமாக ஒரு மடக்கு குடித்தார்.

"கமிட்டியா? எந்தக் கமிட்டி?" என்றார். "சார், அவர் கையில வச்சிருக்கற தாளை நல்லாப் பாருங்க. உங்க கையேடா அது? எங்க கையேடு. எங்க நாட்டு டூரிஸம் ஆபீஸ்ல அவரும் உங்களை மாதிரிதான். இதே படத்தைக் கம்ப்யூட்டர்ல தேடி எடுத்து எங்க ஏரின்னு போட்டுட்டு, அப்புறம் உங்க கையேட்டைப் பார்த்து, உங்ககிட்டேருந்து திருடிட்டோமேன்னு இத்தனை வருஷமாத் தூக்கம் இல்லாமக் கிடந்தவர், வளைவைத் தட்டிப் பார்த்து உங்களோடதும் பொய்னு தெரிஞ்சதும் சந்தோஷத்துல அழுதுட்டார். அடுத்த மாசம் எங்க அமைச்சர் குடும்பத்தோட அங்க எங்க ஏரியைப் பார்க்கப் போறாராம். உங்க மச்சானைக் கொஞ்சம் அனுப்பி வைப்பீங்களா?"